மூலமும் உரையும்: செய்நிரலுக்குள் எழுதும் விளக்கம்

திருக்குறளைக் கற்கும்போது நாம் மூலத்தோடு உரையையும் சேர்த்தே படிக்கிறோம். குறளுக்குப் பதின்மர் உரை எழுதினர் என்பது மரபு. அவர்கள் மூலநூல் தோன்றிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின் வந்தவர்கள். கணினிக்கு எழுதும் செய்நிரலுக்கும் உரை உண்டு. ஆனால் அங்கே மூலத்தை எழுதுபவரே உரையையும் உடனுக்குடன் எழுத வேண்டும். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவி என்ற வகையில், அந்த உரையின் ஒழுங்குமுறையை இங்கு விளக்க விரும்புகிறேன்.

நாம் கற்கும் பைதன் மொழியில், ஒரு சார்பின் உள்ளே எழுதப்படும் விளக்கத்தை ஆவணச்சரம் எனலாம். அதற்கான வழக்கங்களை ‘பெப் 257’ என்ற ஆவணம் தொகுத்துக் கூறுகிறது. டேவிட் குட்ஜரும் பைதனை உருவாக்கிய கீடோ வான் ராசமும் 2001ஆம் ஆண்டில் அதனை எழுதினர்.

# குறியிட்டு எழுதும் சாதாரண குறிப்பைப் பைதன் கவனியாது விட்டுவிடும். ஆவணச்சரமோ சார்புடன் ஒட்டியே இருக்கும். ‘ஹெல்ப்’ கட்டளையைக் கொடுத்தால் திரையில் தோன்றும். எனவே சார்பைப் பயன்படுத்துபவர் மூலநிரலைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

முக்கிய வழக்கங்கள் நான்கு:

1. சார்பின் தலைப்பு வரியை அடுத்து, முதற் கூற்றாக எழுத வேண்டும். வேறு கூற்றுக்குப் பின் வந்தால் அது ஆவணச்சரமாகாது.

2. மும்மூன்று இரட்டை மேற்கோட்குறிகளுக்குள் எழுத வேண்டும். ஒரே வரியானாலும் இதுவே முறை. பின்னர் விரித்தெழுதுவது எளிதாகும்.

3. முதல் வரி, சார்பின் பணியை ஏவலாகச் சொல்லி முற்றுப்புள்ளியுடன் முடிய வேண்டும். “கணிக்கிறது” என்பதைவிடக் “கணித்துத் தா” என்பதே பொருத்தம்.

4. மேலும் சொல்வதற்கு இருப்பின், ஒரு வரி வெறுமையாக விட்டு உள்ளீடு, திரும்பக் கிடைக்கும் பெறுமானம், எழக்கூடிய வழு ஆகியவற்றை எழுத வேண்டும்.

பைதனின் மூன்றாம் பதிப்பில் இவற்றைத் தமிழிலேயே எழுதலாம். உதாரணமாக:

"""வகுப்பின் சராசரிப் புள்ளியைக் கணித்துத் தா.

உள்ளீடு: புள்ளிகளின் பட்டியல். பரீட்சைக்கு வராதவரைச் சேர்க்கக்கூடாது.
பெறுமானம்: தசம எண்.
வழு: பட்டியல் வெறுமையாக இருந்தால் எழும்.

>>> சராசரி([80, 70, 60])
70.0
"""

இதில் உயிரான வாக்கியம் வராதவர் பற்றியது. மூவர் 80, 70, 60 புள்ளிகள் பெற்றிருக்க, நான்காமவர் பரீட்சைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவரை விட்டுவிட்டால் சராசரி 70. அவருக்குப் பூச்சியம் இட்டால் 52.5. இரண்டு கணக்கையும் கணினி முறைப்பாடின்றிச் செய்யும். கூட்டுத்தொகையை எண்ணிக்கையால் வகுக்கும் அந்த நிரல்வரியைப் பார்த்து எது சரியென்று அறிய முடியாது. அடுத்த ஆண்டு இந்தச் செய்நிரலைக் கையிலெடுக்கும் தங்கைக்கு அதைச் சொல்வது உரை மட்டுமே. நிரலில் தெரிவதைத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. நிரலில் தெரியாததைச் சொல்வதே நல்ல உரை.

மூலத்தைத் திருத்திவிட்டு உரையைப் பழையபடி விட்டுவிடுவதும் ஆபத்தானது. நிரலுக்கு முரணான குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம் என்கிறது பைதனின் நடைக் கையேடான ‘பெப் 8’. இதற்கு ஒரு காவலும் உண்டு. மேலேயுள்ள மூன்று அம்புக்குறிகளுடன் தொடங்கும் வரியைக் கவனியுங்கள். ‘டொக்டெஸ்ட்’ என்னும் பைதன் கருவி அதனை இயக்கி, கிடைக்கும் விடையை அடுத்த வரியுடன் ஒப்பிடும். வேறுபட்டால் உடனே அறிவிக்கும். உதாரணம் தவறாகிப்போனால் இவ்வாறு தெரியவரும். ஆனால் வாக்கியங்களைச் சரிபார்ப்பது நம் பொறுப்பே.

பெற்றோரும் இதில் உதவலாம். அதற்குக் கணினி அறிவு தேவையில்லை. “மகள், இந்தச் சார்பு என்ன செய்யும்?” என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் வந்தால் அதுவே ஆவணச்சரத்தின் முதல் வரி. “பிறகு... அதன் பிறகு...” என்று பதில் நீண்டால், அந்தச் சார்பு பல வேலைகளைச் சுமக்கிறது; அதைப் பிரித்தெழுத வேண்டும்.

தோழியரே, நிரலை எழுதி முடித்தபின் உரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். அந்த முதல் வரியை எழுதிவிட்டே சார்பைத் தொடங்குங்கள். என்ன செய்யப்போகிறோம் என்பது அப்போதே நமக்குத் தெளிவாகிவிடும்.