செயற்கை நுண்ணறிவுப் பொறியைக் கொண்டு பிரதேச சபைக்கு மனு எழுதுவிக்கும் முறை

கமக்காரர் அரச அலுவலகங்களுக்கு மனு எழுத வேண்டிய சந்தர்ப்பங்கள் பல. மதகு அடைபட்டு வயலில் வெள்ளந் தேங்குதல், கட்டாக்காலி மாடுகள் இரவிற் பயிரை மேய்தல், சந்தையில் மரக்கறி வைத்து விற்பதற்கு நிழலின்மை ஆகியன அவற்றுட் சில. முன்னாளிற் கச்சேரி வாயிலில் அமர்ந்து மனு எழுதுவோரிடம் கூலி கொடுத்து எழுதுவிப்பது வழக்கம். 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் சட்ஜிபிடி வெளிவந்தது முதலாக, கைத்தொலைபேசி உடையோர் அவ்வேலையைச் செயற்கை நுண்ணறிவுப் பொறியைக் கொண்டு செய்விக்கத் தொடங்கியுள்ளனர். அப்பொறிக்கு நாம் கொடுக்குங் கட்டளையை இப்பிரசுரத்திற் பணிப்புரை என வழங்குவோம். எழுதத் தெரியாதோர் அதனை வாயாற் சொல்லியும் கொடுக்கலாம்.

கச்சேரி வாயிலில் இருந்தவர் ஊரை அறிந்தவர்; நாம் சொல்லாது விட்டதைத் திருப்பிக் கேட்டு எழுதுவார். இப்பொறியோ பெரும்பாலுங் கேளாது. அது மிகப் பெருந்தொகையான எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லின் பின் எச்சொல் வரத்தக்கது எனக் கணித்து எழுதுவதாகும். நாம் சொல்லாது விட்ட இடத்தைத் தனக்குத் தோன்றியவாறு நிரப்பிவிடும். ஆகையால் விதைநெல்லைப் பதர் நீக்கித் தெரிவது போன்று பணிப்புரையையுந் தெரிந்து அமைத்தல் வேண்டும்.

நாட்டையும் இடத்தையுங் கூறுதல்

இணையத்திலுள்ள தமிழெழுத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டினது. “வாய்க்காலைத் துப்புரவாக்கக் கோரி ஒரு மனு எழுதுக” என்று மாத்திரம் பணிப்போமாயின், பொறி ஊராட்சி மன்றத் தலைவரையோ வட்டாட்சியரையோ விளித்து எழுதிவிடக்கூடும். எம் நாட்டில் உள்ளவை பிரதேச சபைத் தவிசாளர், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்னும் பதவிகளே. நாம் பெரும்போகம், சிறுபோகம் என்பவற்றை அது குறுவை, சம்பா என எழுதும். அனுமதிப்பத்திரக் காணியைப் பட்டா நிலம் என்னும். இத்தகைய மனுவைக் காணும் உத்தியோகத்தர் அதனை எழுதியவருக்குத் தம் காணி பற்றியே தெரியாது என எண்ண இடமுண்டு. எனவே பணிப்புரையின் முதல் வரியில் “இலங்கை, திருகோணமலை மாவட்டம், மூதூர் பிரதேச சபை, சம்பூர்” என இடத்தைத் தெளிவாகக் குறித்தல் அவசியம். இந்தியாவில் 2023ஆம் ஆண்டு தொடங்கிய கிசான் இ-மித்ரா என்னும் பொறி அந்நாட்டு உழவர் உதவித்தொகைத் திட்டத்துக்கென அமைந்தது. அது தமிழில் விடையளிப்பினும் எமக்குப் பொருந்தாது.

காலத்தையுங் கூறுதல் நன்று. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அதன்பின் 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தல் வரையிற் செயலாளர்களே நிருவகித்தனர். பழைய எழுத்துகளைப் பயின்ற பொறி அந்நிலையே இன்றும் உள்ளதெனக் கருதி எழுதக்கூடும்.

யாருக்கு எழுதுவது

இதிற் பலர் தவறுகின்றனர். பொறியும் இதில் நம்பத்தக்கதன்று. மதகு இருக்கும் வீதி கிராம வீதியாயின் அது பிரதேச சபையின் பொறுப்பு. ஏ, பி தர வீதியாயின் வீதி அபிவிருத்தி அதிகார சபையும், சி, டி தர வீதியாயின் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களமும் பொறுப்பாகும். 80 எக்டயருக்குக் குறைந்த பரப்புக்கு நீர் பாய்ச்சுஞ் சிறு குளங்களின் வாய்க்கால்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தன. யானைத் தொல்லைக்கு வனசீவராசிகள் திணைக்களம். கிராம உத்தியோகத்தரிடமோ கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமோ இதனை முதலிற் கேட்டறிந்து, பெறுநரைப் பணிப்புரையில் நாமே எழுதுதல் வேண்டும்.

மாதிரிப் பணிப்புரை

“நான் இலங்கை, திருகோணமலை மாவட்டம், மூதூர் பிரதேச சபைப் பிரிவிலுள்ள சம்பூரில் 2 ஏக்கர் நெற்செய்கை பண்ணுபவன். என் வயலுக்கு அருகிலுள்ள கிராம வீதியின் குழாய் மதகு மண்ணால் அடைபட்டுள்ளது. சென்ற பெரும்போகத்தில் விதைத்து 10 நாளில் வெள்ளந் தேங்கி முளை அழுகியது. எனதும் அயலவர் நால்வரதும் வயல்கள் பாதிக்கப்பட்டன. வடகீழ்ப் பருவமழைக்கு முன், செப்டெம்பர் மாதத்துள் மதகைத் துப்புரவாக்குமாறு பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு பக்கத்துள் அடங்கும் மனு எழுதுக. இலங்கை அரச அலுவலகத் தமிழில் எழுதுக. நான் கூறாத எதனையுஞ் சேர்க்காதே. சட்டப் பிரிவு எதனையுங் குறிப்பிடாதே. தெரியாத விபரத்துக்கு வெற்றிடம் விடுக. எழுதுமுன் என்னிடங் கேட்க வேண்டியவற்றைக் கேள்.”

கடைசி வாக்கியம் மிகப் பயனுடையது. அதனைச் சேர்த்தால், மதகு எந்த வீதியில் எவ்விடத்தில் உள்ளது, முன்னர் முறையிட்டதுண்டா, படம் உண்டா எனப் பொறி வினவும். உத்தியோகத்தர் வினவுவனவும் அவையே. “பெரும் அழிவு”, “எண்ணிலாக் குடும்பங்கள்” போன்ற சொற்களைப் பொறி விரும்பிச் சேர்க்கும், அவற்றை நீக்குக. ஐந்து வயல்கள் என்பதே வலிமையுடைய சொல். முதற்படி திருப்தியளிக்காவிடின் புதிதாகத் தொடங்காது, “இரண்டாம் பந்தியைச் சுருக்குக” எனக் குறையைச் சுட்டித் திருத்துவிக்கலாம்.

காணி ஆவணங்கள் பற்றிய எச்சரிக்கை

சம்பூரில் இது தனியே கூறற்பாலது. 2006ஆம் ஆண்டு யுத்தத்தால் இடம்பெயர்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிற் காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னர் மீண்ட குடும்பங்களில், இடப்பெயர்விலே ஆவணங்களை இழந்தோர் உளர். பொறிக்கு வெற்றிடம் பிடிப்பதில்லை. உறுதி இலக்கத்தையும் அனுமதிப்பத்திரத் திகதியையும் உண்மைபோற் புனைந்து எழுதவும் வல்லது. அவ்விலக்கம் வேறொருவரின் காணிக்குரியதாய் அமைந்துவிடின், கையொப்பமிட்டவரே அதற்கு விடை கூற வேண்டும். உண்மையான உரிமையுஞ் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆவணம் இல்லையாயின், இடப்பெயர்வின்போது தொலைந்தது என்பதை அவ்வாறே எழுதுவித்து, காணியின் நான்கு எல்லைகளைக் கூறுதல் வேண்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகியவற்றைப் பொறியினுட் புகுத்தலாகாது. மனுவை அச்சிட்ட பின்னர்க் கையால் எழுதிக்கொள்க.

மருந்து, பசளை அளவுகளையும் இப்பொறியிடங் கேட்போர் உளர். அதற்குத் திணைக்களத்தின் 1920 என்னுந் தொலைபேசிச் சேவை இருக்கின்றது.

மனுவைச் சேர்ப்பித்தல்

மனுவை வீட்டில் இன்னொருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுக. அவருக்கு விளங்காத வாக்கியம் உத்தியோகத்தருக்கும் பயன்படாது. சபையின் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டம் ஆண்டிறுதிக்கு முன் ஆயத்தமாவதால், புதிய மதகு போன்ற செலவுமிக்க வேலைகளுக்கு மனுவை முற்கூட்டியே கொடுத்தல் நன்று. மறுமொழி கிடையாதவிடத்து, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மனுவின் மீது எடுத்த நடவடிக்கை யாதெனத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் வினவலாம். தகவல் தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுள் தீர்மானித்து அறிவித்தல் வேண்டும். இவ்வினாவையும் மேற்கூறிய முறையிலேயே எழுதுவிக்கலாம். அதற்கு முதன் மனுவைக் கொடுத்த திகதி வேண்டப்படுமாதலால், மனுவை நேரிற் கொடுப்போர் பிரதியொன்றில் அலுவலக முத்திரையுந் திகதியும் இடுவித்துக்கொள்க; தபாலில் அனுப்புவோர் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு வைத்துக்கொள்க.