வளைவில் பிறக்கும் மின்சாரம்

நுழையும்முன்

பொருளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. வளைத்தாலும் பிறக்கும் என்பது அதற்குப் பின்னர் பெற்ற அறிவு. ஓரணுத் தடிமனே கொண்ட கிராஃபீன், இவ்விரு விளைவுகளையும் ஒருங்கிணைத்துப் பயன்கொள்ளும் வழியை எவ்வாறு திறந்துள்ளது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அழுத்த மின்விளைவு

சமையலறை லைட்டரின் விசையை அழுத்துகிறோம். 'டக்' என்னும் ஒலியுடன் பொறி தெறிக்கிறது. அதனுள் மின்கலம் இல்லை. சிறு சுத்தி ஒன்று பீங்கான் துண்டின்மீது மோத, அத்துண்டின் இரு முனைகளுக்கிடையே உயர் மின்னழுத்தம் தோன்றுகிறது. இதுவே அழுத்த மின்விளைவு. 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பியர் கியூரி, ஜாக் கியூரி என்னும் உடன்பிறந்தோர் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் இதனைக் கண்டறிந்தனர். இதன் மறுதலையும் உண்மையே: மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும். கைக்கடிகாரத்தின் குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலங்காட்டுவது இதனால்தான்.

ஆயினும் எல்லாப் படிகங்களும் இவ்வாறு இயங்குவதில்லை. நேர்மின், எதிர்மின் துகள்கள் ஒரு மையத்தைச் சுற்றி முற்றிலும் சமச்சீராக அமைந்திருந்தால், எவ்வளவு சீராக அழுத்தினாலும் அவற்றின் மையங்கள் விலகுவதில்லை, மின்சாரமும் தோன்றுவதில்லை. 32 படிக வகுப்புகளுள் 20 மட்டுமே அழுத்த மின்விளைவுக்கு இடந்தருகின்றன.

வளைவு மின்விளைவு

ஓர் அழிப்பானை வளைத்துப் பாருங்கள். அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. இவ்வாறு உருமாற்றம் இடத்துக்கு இடம் வேறுபடும்போது சமச்சீர்மை குலைகிறது, மின்முனைகள் பிரிகின்றன. இதுவே வளைவு மின்விளைவு. மின்கடத்தாப் பொருள்கள் அனைத்திலும், அவற்றின் படிக அமைப்பு எதுவாயினும், இது நிகழக்கூடும்.

அப்படியாயின் இதனை நாம் ஏன் உணர்வதில்லை? பெரிய பொருள்களில் இவ்விளைவு மிக நலிந்தது. ஆனால், பொருள் மெலிய மெலிய இது வலுப்பெறுகிறது. மேற்பரப்பு ஒரே அளவு நீளுமாறு இரு தகடுகளை வளைப்பதாகக் கொள்வோம். ஒன்றின் தடிமன் மற்றொன்றின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்காயின், அதனுள் உருமாற்றம் மாறுபடும் வீதம் ஆயிரம் மடங்காகிறது. பேருலகில் புறக்கணிக்கத்தக்கது நானோ உலகில் முதன்மை பெறுகிறது.

கிராஃபீனின் பங்கு

2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து ஓரணுத் தடிமனுள்ள படலத்தைப் பிரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசு பெற்ற அவ்வாய்வின் பொருளே கிராஃபீன். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் படலங்களை அடுக்க வேண்டும்.

கரிம அணுக்கள் தேன்கூடு போன்று சமச்சீராக அமைந்திருப்பதால், கிராஃபீனுக்கு இயல்பாக அழுத்த மின்விளைவு இல்லை. அது மின்சாரத்தை நன்கு கடத்துவதால் மின்னூட்டமும் அதில் தேங்குவதில்லை. ஆகவே அறிவியலாளர் அதனைத் தனியே பயன்படுத்தாமல், மின்கடத்தாப் பலபடிச் சேர்மத்துள் சிறிதளவு கலந்து நானோ கூட்டுப்பொருளை உருவாக்குகின்றனர்.

பாலிவினைலிடின் புளூரைடு அத்தகைய பலபடிச் சேர்மம். அதன் அழுத்த மின்விளைவை 1969இல் ஜப்பானியர் கவாய் வெளிப்படுத்தினார். கிராஃபீன் படலங்கள் அச்சேர்மத்தின் சங்கிலிகள் மின்விளைவுக்கு உகந்த ஒழுங்கில் அமையத் துணைசெய்கின்றன. மேலும், உறுதிமிக்க படலமும் மென்மையான சேர்மமும் அருகருகே இருப்பதால், அழுத்தும்போது உருமாற்றம் சீராகப் பரவுவதில்லை. அச்சீரின்மையே வளைவு மின்விளைவுக்கு வித்தாகிறது.

இங்கு அளவறிதல் இன்றியமையாதது. கிராஃபீன் மிகுந்தால் படலங்கள் ஒன்றையொன்று தொட்டு மின்கடத்தும் பாதை அமைத்துவிடும். பிறந்த மின்னூட்டம் கசிந்துவிடும். மிகைப்பட்டால் வலிமையே குறையாகும் என்பதற்கு இது சான்று.

தெரிந்து தெளிவோம்

நம் எலும்புக்கும் அழுத்த மின்விளைவு உண்டு என்பதை 1957இல் ஜப்பானின் புகாடாவும் யசுடாவும் காட்டினர். எலும்பில் வளைவு மின்விளைவும் உண்டு என்பதையும், நுண்விரிசல்களின் முனையில் அது வலுவாகத் தோன்றும் என்பதையும் 2018இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது.

நாளைய தேவை

இதயமுடுக்கியின் மின்கலம் தீர்ந்தால் நோயாளி மீண்டும் அறுவைக்கு உள்ளாக வேண்டும். உடலின் அசைவே அக்கருவிக்கு மின்சாரம் வழங்குமாயின் அத்துன்பம் நீங்கும். இன்று பரவலாகப் பயன்படும் அழுத்த மின் பீங்கான்களில் நச்சுத்தன்மையுள்ள ஈயம் இருக்கிறது. எளிதில் உடையவும் செய்கின்றன. ஈயமற்ற, நெகிழ்வான கூட்டுப்பொருள்கள் அவற்றுக்கு மாற்றாகலாம். எனினும், கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைவு. படலங்களைத் திரளாமல் சீராகப் பரப்புவதும் கடினம். இத்தடைகளைக் கடப்பதே இன்றைய ஆய்வின் பணி.

தனித்தபோது மின்விளைவற்ற கிராஃபீன், தக்க துணையோடு தக்க அளவில் சேரும்போது பயன்தருகிறது. பொருளின் பண்பு அதன் அணுக்களில் மட்டுமன்று. அமைப்பிலும் அளவிலும் சேர்க்கையிலும் உறைந்துள்ளது.