தொழிலாளரே உரிமையாளர்: பணியிடப் பூசலும் பேசித் தீர்த்தலும்

திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, செங்கல்லாலான வட்ட வடிவக் கட்டடம் ஒன்று உள்ளது. சுழன்று மேலேறும் சரிவுப் பாதையின் ஓரமாக மேசைகள் அமைந்த இந்தியன் காப்பி ஹவுஸ் அது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. தொழிலுறவு பயில்வோர்க்கு அங்கு வேறொரு பாடமும் உண்டு. அதனை நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாகும்.

தோற்றம்

காப்பி வாரியம் தான் நடத்திவந்த காப்பி ஹவுஸ்களை 1950-களின் நடுப்பகுதியில் மூட முற்பட்டது. ஊழியர்கள் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டது. மூடக்கூடாது என்ற கோரிக்கையோடு மட்டும் நின்றுவிடாமல், தாங்களே ஏற்று நடத்துவது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். ஏ. கே. கோபாலன் இதற்கு வழிகாட்டினார். 1957-இல் பெங்களூரிலும் தில்லியிலும், 1958-இல் திருச்சூரிலும் கூட்டுறவுக் காப்பி ஹவுஸ்கள் தொடங்கின. கேரளத்தில் முன்னின்று உழைத்தவர் என். எஸ். பரமேஸ்வரன் பிள்ளை. கோரிக்கை பொறுப்பாக மாறியதே இவ்வரலாற்றின் சாரம்.

பூசல் மறைந்துவிடுமா?

முதலாளி இல்லையெனில் பூசலும் இராது என்று கருதுவது தவறு. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. எனவே, இன்று கண்டிக்கப்படும் ஊழியர் நாளை நிர்வாகக் குழுத் தேர்தலில் வாக்களிப்பவர். இந்நிலையில் பொறுப்பாளர் குறையைச் சுட்டத் தயங்குவது இயல்பு. அதிகாரம் மிகுந்த அலுவலகத்தில் அதட்டல் கேடு விளைவிக்கும். சமத்துவம் மிகுந்த இடத்திலோ மௌனம் அதே கேட்டை விளைவிக்கும். இரண்டிலும் பேசவேண்டியது பேசப்படாமலே போகிறது.

பேசும் முறை

எடுத்துக்காட்டாக, ஊழியர் ஒருவர் அடிக்கடி தாமதமாக வருகிறார். அவருடைய வேலைச்சுமை உடன் பணிபுரிவோர் மீது விழுகிறது. முதலாவதாக, அவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். பலர் முன்னிலையில் அன்று. இரண்டாவதாக, "நீர் பொறுப்பற்றவர்" என்னாமல், எந்தெந்த நாள், எவ்வளவு நேரம், யாருக்கு என்ன பாதிப்பு என்று கூற வேண்டும். மூன்றாவதாக, அவர் தரப்பை இடைமறியாது கேட்க வேண்டும். பேருந்து வசதியின்மையோ குடும்பத்தில் நோயோ காரணமாயின், பணிமுறை மாற்றமே தீர்வாகலாம். நான்காவதாக, இருவரும் ஒப்பியதை எழுதிவைத்து, குறித்த நாளில் மீண்டும் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் துணை

பேச்சுக்குச் சட்டமும் இடம் வகுத்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் இரு தரப்பினரும் கொண்ட பணிக்குழுவை அமைக்க வழி செய்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், இருபது பேர் உள்ள இடங்களுக்கும் குறைதீர்க் குழுவைக் கொணர்ந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இவ்விரு குழுக்களும் இடம்பெற்றுள்ளன. எனினும், குழுவின் முன் வரும் குறைகளுட் பல, தொடக்கத்தில் இருவர் பேசியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கக் கூடியவை.

உரிமை யாரிடம் இருப்பினும், குறையைக் காலத்தே, மரியாதையுடன், சான்றுடன் எடுத்துரைக்கும் பழக்கமே ஒரு நிறுவனத்தை நிலைநிறுத்தும். அப்பழக்கம் அலுவலருக்கும் ஊழியருக்கும் ஒருங்கே உரியது.