கடற்பாசிச் சாறும் உயிர்க்கலங்களும்

கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சாற்றைக் கமக்காரர் பலர் நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் தெளித்து வருகின்றனர். இச்சாறு பசளைக்கு ஈடாகாது. நோயை நேரே அழிக்கும் மருந்துமன்று. அதிலுள்ள சில பொருள்கள் உயிர்க்கலங்களைத் தூண்டுகின்றன. அத்தூண்டலின் தன்மையை அறியாது செலவிடும் பணம் வீணாகும்.

பயிரின் எதிர்ப்புச் சத்தி

கபிலநிறக் கடற்பாசிகள் சிலவற்றில் இலமினாரின் என்னும் சேமிப்புப் பொருள் உண்டு. நோய் விளைக்கும் பங்கசுகள் பலவற்றின் கலச்சுவரிலும் இதனையொத்த பொருள் உளது. ஆகவே இலமினாரின் பட்டதும், பங்கசு தாக்கியதாகவே பயிர்க்கலங்கள் கொள்கின்றன. பங்கசின் சுவரைச் சிதைக்கும் நொதியங்களையும் அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் ஆக்கத் தொடங்குகின்றன. புகையிலையிலும் முந்திரிகைக் கொடியிலும் இது ஆராய்ந்து காணப்பட்டுள்ளது. மனிதனின் வெண்குருதிக் கலங்களுள்ளும் சில இப்பொருளை இனங்காண வல்லன.

இது கள்வன் வருமுன் காவற்காரனை எழுப்புவதை ஒக்கும். களஞ்சியம் கொள்ளைபோனபின் எழுப்பிப் பயனில்லை.

நரம்புக் கலங்கள்

பாசிப் பொருள்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. யப்பானில் குடற்புழுக்களை அகற்றுதற்கு ஒருவகைச் செம்பாசி நெடுங்காலம் வழங்கிவந்தது. அதிலிருந்து 1953ஆம் ஆண்டில் கயினிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்புக் கலங்கள் செய்தி கடத்துதற்குப் பயன்படுத்தும் குளுத்தாமிக் அமிலத்தைப் போன்று இது செயற்பட்டு, அக்கலங்களை அளவுக்கு மீறித் தூண்டும். தூண்டல் மிகின் கலங்கள் மடியும். வலிப்பு நோயை ஆராய்வோர் எலிகளில் வலிப்பை உண்டாக்க இவ்வமிலத்தைப் பயன்படுத்துகின்றனர். புழுவை அகற்றிய பொருளே அளவு மிஞ்சின் நரம்பைக் கெடுக்கின்றது.

கவனிக்க வேண்டியவை

1. நோய் தோன்றுமுன் சாற்றைத் தெளித்தல் வேண்டும். நோய் பரவியபின் இதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

2. பயிருக்கு வேண்டிய நைதரசனையும் பொசுபரசையும் இச்சாறு போதியளவில் தராது. சிபாரிசு செய்யப்பட்ட பசளையை நிறுத்தலாகாது.

3. சுட்டுத்துண்டிற் குறித்த அளவை மீறாது, வெயில் தணிந்த வேளையில் தெளித்தல் நன்று.

4. கரையில் ஒதுங்கிய பாசியைக் கூட்டெருவிற் சேர்க்குமுன், உப்பு நீங்க நன்னீரிற் கழுவுதல் வேண்டும்.

5. பயிருக்கென விற்கப்படும் சாற்றை மருந்தென எண்ணி அருந்தலாகாது. சிறுவர்க்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுவாராக.