தொட்டியில் உருண்டைக் கள்ளி

பந்து போன்ற உடலும், பெரும்பாலும் எட்டு விலாக்களும் கொண்ட முள்ளற்ற கள்ளியொன்று தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்திற்கு உரியது. நம் வேலிச் சதுரக்கள்ளிக்கு இது உறவு. 1903-ஆம் ஆண்டில் ஹூக்கர் என்னும் தாவர அறிஞர் இதற்கு யூபோர்பியா ஒபீசா எனப் பெயரிட்டார். அழகே இதற்குக் கேடாயிற்று. ஆர்வலர் பிறப்பிடத்திலேயே அகழ்ந்தெடுத்து அருகச் செய்துவிட்டனர். ஆதலின், விதையில் முளைத்த கன்றையே அங்கத்தினர்கள் வாங்குதல் வேண்டும்.

அடியில் துளையுள்ள மண்தொட்டியில் பருமணலும் செங்கல் நொறுக்கும் மிகுதியாகக் கலந்த மண்ணை இடுக. மண் முற்றும் உலர்ந்த பின்னரே நீர் விடுக. நாம் முதலில் வளர்த்த செடியை அன்றாடம் நீர் வார்த்தே அழுகச் செய்தோம்! அடைமழை நாட்களில் தாழ்வாரமே தக்க இடம்.

இக்கள்ளியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒருவரிடம் ஆண் செடியும் மற்றவரிடம் பெண் செடியும் இருப்பின், பூக்கும் காலத்தில் இரண்டையும் ஓரிடத்தில் வைத்து, மென்தூரிகையால் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவுக. கூடினாலன்றி விதையில்லை. முற்றிய காய் வெடித்து விதையைத் தொலைவில் தெறிக்கும். முன்னரே மல் துணியால் மூடிக் கட்டுக. நெசவாளர் இல்லத்தில் அதற்கா பஞ்சம்? விதையைச் சரிபாதி பகிர்ந்துகொள்க.

பால் கண்ணில் படலாகாது, கையாண்டபின் கைகழுவுக.