நெல் ஆலை இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு மறைப்பு அமைத்தல்

தை, மாசி மாதங்களிற் பெரும்போக நெல் களத்திலிருந்து வரத் தொடங்கியதும், கிராமத்து நெல் ஆலைகள் விடியற்காலை முதல் இரவு வரை ஓயாது ஓடும். வேலை நெருக்கும் அக்காலத்தில் இயந்திரத்தை நிறுத்தித் திருத்த எவரும் விரும்பார். ஆகவே, பாதுகாப்பு விதிகளுக்கு அமைய ஆலையைச் செப்பனிட ஏற்ற காலம் அறுவடைக்கு முந்திய மார்கழி மாதமே.

சட்டம் வேண்டுவது

கூலிக்கு ஆள் வைத்து, மின்வலுவாலோ எஞ்சினாலோ நடத்தப்படும் நெல் ஆலைகள் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. எஞ்சினின் பறப்புச் சில்லு, வலுவைக் கடத்தும் தண்டு, கப்பி, பட்டி முதலிய ஆபத்தான பாகங்கள் உறுதியான மறைப்புக்குள் இருத்தல் வேண்டும். அவை ஓடும்பொழுது மறைப்பு தன் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது இதன் சாரம். காலத்துக்குக் காலம் புதிய விதிகள் வரினும், முதற்கண் செய்யவேண்டிய வேலை இதுவே.

ஆபத்து எவ்வாறு நேர்கின்றது

30 சதமமீற்றர் விட்டமுள்ள கப்பி நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால், அதன்மேற் செல்லும் பட்டி ஒரு விநாடியில் 9 மீற்றருக்கு மேல் ஓடும். அகப்பட்ட கையை இழுத்துக்கொள்ள அரை விநாடி செல்லுமாயின், அதற்குள் 4½ மீற்றர் பட்டி கப்பியைக் கடந்துவிடும். எனவே, கவனமாயிருத்தல் மட்டும் போதாது.

பட்டி பூட்டாத வெறுந்தண்டு தீங்கு செய்யாது எனப் பலர் எண்ணுவர். இது தவறு. வழுவழுப்பான தண்டும் சாரத்தையும் சேலைத் தலைப்பையும் கூந்தலையும் சுற்றி இழுக்கும்.

யான் பார்வையிட்ட ஓர் ஆலையில், கிறீஸ் இடுவதற்காகக் கழற்றிய மறைப்பை, பின்னர் பூட்டலாம் என்று சுவரிற் சாய்த்து வைத்திருந்தனர். சிந்திய நெல்லைக் கூட்டச் சென்ற தொழிலாளியின் சாரம் தண்டிற் சுற்றியது. கால் முறிந்த அவர் அப்போகம் முழுவதும் உழைக்க இயலாதிருந்தார். மறைப்போ அவர் விழுந்த இடத்திலிருந்து ஐந்தடி தூரத்திலேயே இருந்தது.

செய்ய வேண்டியவை

1. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆலையைச் சுற்றிப் பார்த்து, நிலத்திலிருந்து 2.7 மீற்றர் உயரத்துக்குள் சுழலும் பாகங்கள் யாவற்றையும் எழுதிக்கொள்க.

2. கோண இரும்பாற் சட்டம் செய்து கம்பிவலை பொருத்துக. வலையின் கண் 12 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. சுழலும் பாகத்துக்கும் வலைக்கும் இடையே குறைந்தது 100 மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் வேண்டும். சாக்கும் கயிறும் மறைப்பாகா.

3. மறைப்பைச் சாவி கொண்டு மாத்திரம் கழற்றக்கூடியவாறு திருகாணியாற் பூட்டுக. கிறீஸ் இடும் துவாரத்திலிருந்து சிறு குழாயொன்றை வலைக்கு வெளியே கொண்டுவந்தால், மறைப்பை அடிக்கடி கழற்ற வேண்டியிராது.

4. தண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆப்பு, திருகாணி ஆகியவற்றை உள்ளமிழ்த்துக அல்லது மூடுக.

5. இயந்திரத்தை நிறுத்தும் ஆளி, இயக்குபவர் நின்ற இடத்திலிருந்தே கைக்கு எட்டவேண்டும். அதற்குச் சிவப்பு நிறம் பூசுக.

6. இறப்பர் உருளைகளுக்கிடையே நெல் அடைபட்டாற் கையாலோ தடியாலோ குத்தலாகாது. முதலில் நிறுத்துக. பிரதான ஆளியைப் பூட்டி, திறப்பைத் திருத்துபவர் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். எஞ்சினாயின், எரிபொருளை அடைத்துப் பறப்புச் சில்லு முற்றாக நிற்கும்வரை காத்திருக்க.

7. நெல் கொண்டுவருவோருடன் சிறுவரும் வருவர். அவர்கள் நிற்குமிடத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையே தடுப்பு வேலி அமைக்க.

அன்றாடக் கவனம்

ஒவ்வொரு நாளும் ஆலையை இயக்குமுன் பொறுப்பாளர் மறைப்புகளை ஒருமுறை பார்வையிடுதல் வேண்டும். தளர்ந்த திருகாணியை அன்றே இறுக்குக. வேலையாட்கள் சாரத்தை மடித்துக் கட்டுவதை விடக் காற்சட்டை அணிவது நன்று. சால்வையைக் கழற்றிவைத்தலும் கூந்தலை முடிந்து துணியாற் கட்டுதலும் அவசியம்.

பரிசோதகர் வரும் நாளில் மட்டும் பூட்டப்படும் மறைப்பினால் எவருக்கும் பயனில்லை. திருத்தவேலை முடிந்ததும் மறைப்பைப் பூட்டிய பின்னரே ஆளியைப் போடுக. மறைப்பு தன் இடத்தில் இல்லையேல் எந்த அவசரத்திலும் இயந்திரத்தை இயக்காதீர்கள்.