கரை காக்கும் ஆற்றுப்பாலை

ஓடைக்கரையை ஒட்டிய நிலத்தில் கீரையும் மலரும் பயிரிடும் உறுப்பினர்க்கு ஐப்பசியும் கார்த்திகையும் கவலை தரும் மாதங்களாகும். பூவிருந்தவல்லி, ஆவடிப் பகுதிகளில் மழை வலுக்குந்தோறும் கரை சரிகின்றது. வரப்பு ஓரடி உள்ளே வருகின்றது. நிலவரியோ குறைவதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டதை யாவரும் அறிவர். அத்தகைய பெருவெள்ளத்தை எம்மரமும் தடுக்காது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நேரும் அரிப்பைத் தடுக்க ஒரு மரம் உண்டு. அதுவே ஆற்றுப்பாலை.

ஆங்கிலத்தில் வில்லோ எனப்படும் மரக்குடும்பத்தில் நம் நாட்டுக்குரியது இது. சென்னை மருத்துவப் பணியில் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிய தம் நூலில் 1798ஆம் ஆண்டில் இதனை வருணித்துப் பெயரிட்டார். இமயமலை அடிவாரத்துக் குளிரையும் நம் சமவெளி வெயிலையும் ஒருங்கே தாங்கும் இயல்புடையது. ஆதலின், காசுமீரத்தில் கிரிக்கெட் மட்டைக்கென வளர்க்கும் குளிர்நாட்டு வில்லோவைத் தருவித்து நட விழைவோர் அவ்வெண்ணத்தைக் கைவிடுதல் நலம். அது ஈண்டுச் செழிக்காது; பணமே வீணாகும்.

பெயரைக் கேட்டு மயங்குதல் கூடாது. வெப்பாலை, ஏழிலைப்பாலை முதலியவற்றைக் கீறினால் பால் வடியும், ஆற்றுப்பாலையில் வடியாது. இலை நீண்டு குறுகியது. அதன் அடிப்புறம் வெளிறியிருக்கும். அரளியிலையும் ஏறத்தாழ இவ்வடிவினதே. அரளி நஞ்சாதலின், ஆடு மாடு வைத்திருப்போர் நன்கு அறிந்தவரைக் கொண்டு தாய்மரத்தை உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

விதையை நம்ப வேண்டுவதில்லை. பஞ்சு சூழ்ந்த அவ்விதை சில நாட்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். போத்து நடுதலே எளிது. மழை ஓய்ந்து இலையுதிர்ந்த பின்னர், புதுத்தளிர் விடுமுன், கட்டைவிரற் பருமனுள்ள கிளையை இரண்டடி நீளத்திற்கு வெட்டுக. கணுவின் மொட்டு மேல்நோக்கியிருக்க, மூன்றில் இரு பங்கு மண்ணுள் இறங்குமாறு நடுக. தை மாதத்தில் கரையில் ஈரமிருக்கும். அடுத்த ஐப்பசிக்குள் வேரோடிவிடும். நீர்விளிம்பை ஒட்டி மூன்றடிக்கு ஒன்றாக நடுதல் போதும். பங்குனி, சித்திரையில் ஓடை வற்றுமாயின் குடத்தால் நீர் ஊற்றியே காக்க வேண்டும். நட்டவற்றுட் பல பட்டுப்போவது இம்மாதங்களிலேதான். தழையை ஆடுகள் விரும்பி உண்ணும்; முதலாண்டில் முள்வேலி இன்றேல் ஒரு போத்தும் மிஞ்சாது.

நடத்தகாத இடங்களும் உள. வீட்டுத் தோட்டத்தில் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, குழாய் இவற்றின் அருகே நட்டால் வேர் ஈரத்தைத் தேடி விரிசல்களுள் நுழையும். அம்பத்தூரில் கால் கிரவுண்டு மனையில் வாழ்வோர்க்கு இம்மரம் வேண்டா என்பதே எம் கருத்து. ஏரிக்கரையின் மீதும் நடலாகாது. மரம் பட்டபின் வேர் மக்கி, அவ்வழியே நீர் கசிந்து கரையையே உடைக்கக்கூடும். புறம்போக்கு நிலமாயின் நீர்வளத்துறையின் இசைவின்றித் தொடவே கூடாது.

வருவாயை மிகைப்படுத்திக் கூறோம். ஆண்டுதோறும் அடியோடு வெட்டிவிட்டால் நீண்ட விளார்கள் கிளைக்கும். அவற்றால் தோட்டக்கூடை முடையலாம். மூங்கிற் கூடையின் உழைப்பை எதிர்பார்த்தல் தகாது. பட்டையில் கடுக்காயிற்போலத் துவர்ப்புண்டு. சாயமிடும் நெசவாளர் அதனைச் சிறு கண்டு நூலில் ஆய்ந்து பார்க்கலாம். வெட்டிய கிளையின் பட்டையையே கொள்க, நிற்கும் மரத்தை உரித்தால் அது பட்டுவிடும்.

ஒருவர் மட்டும் நட்டுப் பயனில்லை. அவர் கரை நிற்க, நடாத அண்டையாரின் கரையில் வெள்ளம் திரும்பும். வழக்கும் உடன் வரும். ஆதலின் ஒரே ஓடையின் இருபுறத்து உறுப்பினரும் சேர்ந்து, நீர்வசதியுள்ள ஒருவர் நிலத்தில் நாலைந்து தாய்மரங்களை வளர்த்தல் வேண்டும். போத்தின் விலை, வேலிச்செலவு, சித்திரையில் நீரூற்றும் முறை ஆகியவற்றை மகாசபையில் தீர்மானித்துக் குறிப்பேட்டில் பதிவு செய்க. தைக்கு முன்னர் இது முடிதல் வேண்டும்.